திருப்பதி பாரில் வேறொரு மொட்டை

பெங்களூரிலிருந்து வந்து, இன்று காலை மலையில் மொட்டை போட்டேன். மதியம் கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பாரில் சில்லி சிக்கன் சொன்னேன்.

பக்கத்து மேசையில் சண்டை. ஒரு மொட்டை, எதிரே இருந்தவன் மண்டையில் பீர் பாட்டிலை உடைத்துவிட்டு ஓடிவிட்டான். அடிபட்டவன் ரத்தத்தோடு வெளியே போய், பத்து நிமிடத்தில் மூன்று பேரோடு திரும்பினான். நேரே என்னிடம் வந்தான்.

"என் மண்டைய ஒடச்சிட்டு, குந்திக்கினு துன்றான் பாருடா!"

முதல் குத்திலேயே உதடு கிழிந்தது. அடுத்து தோளில் நாற்காலி இறங்கியது.

சர்வர் குறுக்கே பாய்ந்தார். "இவுரு வேற மொட்டைண்ணா! அவன் அப்பவே பூட்டான்!"

அடித்தவன் என்னை உற்றுப் பார்த்தான். "சாரி பிரதர். சந்தனம் பூசிக்கினா எல்லாரும் ஒரே மாதிரி கீறீங்க."

எரிகிற உதட்டோடு சொல்கிறேன், சில்லி சிக்கன் பிரமாதம். கட்டாயம் போங்கள்.

முடி முளைத்த பிறகு.