கெங்கம்மாள் வெட்டவைத்த கரை

அண்ணனூருக்குத் தெற்கே, நடவுக்கூலியை நம்பிப் பிழைத்தவள் கெங்கம்மாள். ஏரி நிரம்பினால் நடவு உண்டு, நடவு உண்டானால் அடுப்பு எரியும். மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியே மழைத்தண்ணீர் ஏரிக்கு வரும். ஏரி வழிந்தால் மிச்சம் கூவம் ஆற்றுக்குப் போகும். அந்த வரத்துக்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது ஊர் வழக்கம். வராமல் படுத்துக் கிடப்பவனைக் கெங்கம்மாள் பாயோடு இழுத்து வந்து நிறுத்துவாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி!

அறுபதுகளில் மேடெல்லாம் கம்பெனிகள் முளைத்தன. முலாம் பூசும் கம்பெனி ஒன்று வரத்துக்காலை மறித்துக் கரை போட்டது. இரண்டு வருஷம் ஏரி வெடித்துக் கிடந்தது. ஊர் போய் முறையிட்டது. ஜீப்பில் வந்த அதிகாரிகள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போயே போய்விட்டார்கள்.

"இவுனுங்கள நம்பி இன்னாத்துக்கு ஆவறது? நாமளே வெட்டுவோம்" என்றாள் கெங்கம்மாள்.

அவள் மகன் வேம்புலிக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை.

"எம்மா, அந்தக் கரைய மட்டும் தொடாத. பின்னால பள்ளத்துல முலாம் கழுவுன தண்ணி தேங்கிக் கீது. அத்தினியும் ஆசிட்டு."

"சம்பளம் வாங்கிக்கினு கம்பெனிக்குக் கொரல் குடுக்கறியா? வெக்கமாயில்ல?"

அவன் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவன் சொன்னதை அவள் கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம், பெற்ற பிள்ளையையே எதிராளியாக்கிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் ஊரே மண்வெட்டியோடு திரண்டது. நிலக்காரர் மணவாளன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கரை உடைந்தது. அடுத்த மழைக்குத் தண்ணீர் திமுதிமுவென்று வந்து ஏரியில் விழுந்தது. கெங்கம்மாள் கற்பூரம் ஏற்றிவிட்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

மறுநாள் விடிந்தபோது, புதுத்தண்ணீர் வந்த ஏரியில் ஒரு தவளைச் சத்தம் இல்லை. மணவாளனின் எருமை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. குடத்தோடு வந்த பெண்கள் கரையிலேயே நின்றார்கள்.

"இன்னா கெங்கம்மா, தண்ணி ஒரு மாரியா கீதே?" என்றாள் பக்கத்து வீட்டு நாகவல்லி.

கெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. மகன் சொன்னது நிஜமென்றால், இத்தனை பேரையும் வெட்டவைத்தவள் அவள்தானே! அதை எந்த வாயால் ஒப்புக்கொள்வாள்?

"புதுத்தண்ணி அப்பிடித்தாண்டி இருக்கும்" என்று இறங்கி, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். நாக்கு மரத்தது. தொண்டை எரிந்தது. ஊர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தாங் கீது" என்றாள்.

அவள் சொன்னால் சரிதான் என்று எல்லாரும் இறங்கினார்கள். முதலில் குடத்தை முக்கியவள் அவள் மருமகள் வடிவு. இடுப்பிலிருந்த பிள்ளை தாகத்தில் சிணுங்கியது. வடிவு உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை ஏந்தி அதன் வாயருகே கொண்டுபோனாள்.

"ஐயோ, குடுக்காதடி!" என்று கெங்கம்மாள் அலறியபோது, பிள்ளை விழுங்கியிருந்தது.