மஞ்சளில் நிற்காத மாஸ்டர்

ஞானப்பிரகாசம் மாஸ்டர் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தபோது, சிக்னல் கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 'பொறுமையின் சிகரமே, சாலை விதிகளின் காவலரே' என்று அவருடைய டிரைவிங் ஸ்கூல் மாணவர்கள் எழுதியிருந்தார்கள். மஞ்சள் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய நெற்றி இருந்தது. செத்தும் மனிதர் மஞ்சளை விட்டுவைக்கவில்லை.

அவரிடம் ஓட்டக் கற்றவர்கள் இதைப் படித்துக் கோபப்படுவீர்கள். படுங்கள். பேனர் வாசகம் எழுத எனக்கு வராது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய் அலுத்துத்தான் நான் அவரிடம் சேர்ந்தேன். எல்எல்ஆர் தேர்வுக்குப் படிக்கும்போது மஞ்சள் விளக்கில் சந்தேகம் வந்தது. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தால் நிற்க வேண்டும், கோட்டைத் தாண்டிவிட்டால் போய்விட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. ஊரில் ஒருவரும் நிற்பதில்லையே என்று அவரிடம் கேட்டேன்.

"மஞ்சா எரிஞ்சா மிதிச்சிட்டு போயிடணும் மேடம். அதுக்குத்தான் எரியுது."

"புக்குல நிக்கணும்னு இருக்கே மாஸ்டர்?"

"புக்கு எழுதுனவன் கடலூர் ரோட்டப் பாத்திருக்கானா? டெஸ்ட்ல நில்லுன்னு அமுத்துங்க. ரோட்டுல போயிட்டே இருங்க."

தெரியாதவன் தப்பாகச் சொன்னால் மன்னிக்கலாம். இவருக்குச் சரியான பதில் தெரியும். அதைப் பரீட்சையோடு விட்டுவிடச் சொல்லி ஒரு தலைமுறையையே ரோட்டில் இறக்கிவிட்டார்.

எல்எல்ஆர் கையில் வந்ததும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு மஞ்சளில் நின்றேன். பின்னால் ஹார்ன் காதைப் பிளந்தது. மாஸ்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஹார்ன் அடித்தவனிடம் மன்னிப்புக் கேட்டார். "கோச்சுக்காத மச்சான், புது லேடீஸு." அன்று எனக்கு வந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

அவருடைய அடக்கத்துக்குப் போனேன். பெங்களூரிலிருந்து மகள் ரோஸி வந்து சேர்வதற்குள் பெட்டியை ஊர்தியில் ஏற்றிக் கிளப்பிவிட்டார்கள். பாதருக்கு வேறு ஊரில் பூசையாம். கல்லறைத் தோட்டத்தில் வைத்துப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் என் காரில் ஏறினாள். ஊர்தியை எட்டிப் பிடித்த நேரத்தில் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. ஊர்தி பறந்தது. நான் நின்றேன்.

"ஏங்க்கா நின்னீங்க? போயிருக்கலாம்லக்கா!" என்று கதறினாள். ஆனாலும் நான் போகவில்லை.

பச்சை விழுந்து கிளம்பினால், சிக்னலுக்கு அந்தப் பக்கமே ஊர்தி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து ரோட்டில் பச்சை விழும் முன் பாய்ந்து வந்த ஒரு ஷேர் ஆட்டோ அதன் முகப்பில் இடித்திருந்தது. யாருக்கும் அடி இல்லை. இரண்டு டிரைவர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருகிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவன் தெரியுமாடா நானு? பிரகாசம் மாஸ்டருகிட்ட!"

"நானும் அவருகிட்டதான்டா கத்துக்கிட்டேன்!"

மாஸ்டர் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரோஸி ஊர்தியில் ஏறி அவர் நெற்றியில் கைவைத்தாள். சண்டை ஓயும் வரை கையை எடுக்கவில்லை. வாழ்நாளில் எந்த விளக்குக்கும் நிற்காத ஆள் மகளுக்காக நின்றார் என்று நாளைக்கு யாராவது பேனரில் எழுதுவார்கள். அவர் எங்கே நின்றார்? அவருடைய இரண்டு மாணவர்கள் நிறுத்தினார்கள். எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பின்னால் அடிக்கும் ஹார்ன்தான். மஞ்சளில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் பார்க்கிறேன். இவனும் மாஸ்டரின் மாணவனாகத்தான் இருப்பான். அடித்துக்கொள்ளட்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்க என் பக்கத்து சீட்டில் இப்போது ஆள் இல்லை.