மூன்று இசக்கிகள்

மவுஸின் மேல் தயாராக நிற்கும் ஓர் ஆள்காட்டி விரல். எங்கள் ஒருங்கிணைப்பாளரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது. தாராவியில் ஒரு தொண்டு மருத்துவமனையில் குழந்தைகளின் தடுப்பூசிப் பட்டியலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவர் மாட்டுங்காவிலிருந்து இஸ்திரி கலையாத சட்டையுடன் வருவார். பட்டியல் எக்ஸெலில் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி எண் கொடுத்து, போட்ட ஊசிகளை அந்த எண்ணோடு சேர்க்கும் சின்ன டேட்டாபேஸ் ஒன்றை வீட்டில் உட்கார்ந்து செய்து எடுத்துப்போனேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "நீ லீவுல போயிட்டா இதை யாரும்மா திறப்பா? எக்ஸெல்னா வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்" என்றார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எப்போதும் எதிராளி சொல்வதுதான் நியாயமாகப் படும்.

ஒரே குழந்தை இரண்டு வரிகளில் வருகிறது என்று அவர் சலித்துக்கொண்டிருந்தார். பெயரும் முகவரியும் போன் எண்ணும் ஒத்துப்போனால் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும் வசதி எக்ஸெலில் உண்டு. அதன்மேல் விரலைக் கொண்டுபோனார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் தத்தம் மூத்த பெண்ணுக்குக் குலதெய்வமான இசக்கியம்மன் பெயரையே வைப்பார்கள். இங்கே வந்தும் ஒரே அறையில் இருப்பார்கள். கேட்டால் பெரியவரின் போன் எண்ணைக் கொடுப்பார்கள். "தப்பாப் போயிடும், சார்" என்றேன். அவர் அழுத்தினார். நான் இன்னொரு முறை சொல்லவில்லை. என் விடுப்புக் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

ஒரே வீட்டின் மூன்று இசக்கிகள் பட்டியலில் ஒருத்தியானார்கள். மருத்துவமனையிலிருந்து போன் போனதும் மூத்தவளை மட்டும் கூட்டிவந்து ஊசி போட்டுக்கொண்டு போனார்கள். சின்னவளுக்குத் தட்டம்மை கண்டு, காதில் சீழ் வைத்து, ஒரு பக்கம் கேட்காமலே போய்விட்டது. நான் விடுப்பு முடிந்து திரும்பிய வாரம் அவள் அம்மா வந்தாள். கத்தவில்லை. "எந்த இசக்கின்னு கேட்டேம்லா. லிஸ்டுல ஒரு இசக்கிதான் இருக்குன்னாவ. எம் பிள்ளைக்குப் பொறவு வரும்போலன்னு இருந்துட்டேன்" என்றாள். ஒருங்கிணைப்பாளர் என்னைக் காட்டினார்: "என்ட்ரி போட்டது இவங்கதான்." நான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் 'மன்னிக்கவும்' என்றும் எழுதினேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். அவர் மேல் பாதிக் கோபம், என் மேல் பாதி. எது கூட என்று தெரியவில்லை.

போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் பூ வாங்க நின்றபோது அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். அதே விரலால் என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "குட்டி பேரென்ன?" என்றார். அவளுக்கு வேறு பெயர். ஆனாலும் அவளை முந்திக்கொண்டு, "இசக்கி, சார்" என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "அபூர்வமான பேராச்சே. இப்பல்லாம் யாரும்மா வைக்கறா?" என்றார்.

"ஒரே வீட்டுல மூணு பேருக்கு வச்சிருந்தாங்க, சார். நீங்க ரெண்டு பேரை அழிச்சீங்க."

அன்று இரண்டாம் முறை சொல்லாததை இப்போது சொன்னேன். விரல் என் மகளின் கன்னத்திலிருந்து விலகியது. எனக்கு அது போதவில்லை.