யாரும் எடுக்காத பன்னிரண்டு தட்டுகள்

நூலகத்தின் இசைப்பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவளைத் தட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இசைத்தட்டுகளைத் துடைப்பாள், கிழிந்த உறையை ஒட்டுவாள், அலமாரியில் அடுக்குவாள். கேட்பதா? அதற்கு ஏது நேரம்! தட்டைக் கையில் எடுத்தால் அவள் கண்ணுக்குத் தூசிதான் தெரியும்.

ஐந்து வருஷம் யாரும் இரவல் வாங்காத தட்டை மாதக் கடைசியில் கழித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். கழிக்கும் முன் ஒரு நிமிஷம் ஓடவிட்டு, கீறல் உண்டா என்று குறிக்க வேண்டும். இந்த முறை பன்னிரண்டு மாட்டின. எல்லாம் அதிகம் பேர் கேள்விப்படாத பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களுடையவை.

முதல் தட்டில் ஒரு வயோலா தனியாகத் தொடங்கியது. வயலினுக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் கனத்த குரல். ஒரு நிமிஷம் போயிற்று. தட்டக்கா முள்ளைத் தூக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க முடிந்து கரகரவென்று சுற்றியபோதுதான், பிடித்த துணி பிடித்தபடி நிற்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. உறையைத் திருப்பிப் படித்தாள். எழுதியது ஒரு பெண். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடமும் நடத்திக்கொண்டு எழுதினாளாம்.

"அடிப்பாவி, இவ்வளவு வேலைக்கு நடுவுலயா?" என்று உறையிடமே கேட்டாள்.

ஒரே வாரத்தில் பன்னிரண்டையும் கேட்டு முடித்தாள். இதெல்லாம் குப்பைக்குப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. நேரே நூலகரிடம் போய் நின்றாள்.

"சார், நானே இரவல் எடுத்துக்கிட்டா?"

"நம்ம ஆள் எடுத்தா செல்லாதும்மா. வெளியாள் எடுக்கணும்."

அவ்வளவுதான், ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். காவலாளி, பல் டாக்டர், தன் அண்ணன், அண்ணன் மாமனார் என்று ஒருவரையும் விடவில்லை. பதினொன்று போயிற்று. வயோலாத் தட்டைக் கண்டவர் கையில் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.

நூலகர் சிரித்தார். "காவலாளி வீட்டுல பிளேயரே கிடையாதாமே? அட்டையில தேதி முத்திரை விழுந்துடுச்சு, சரி. கேட்டது யாரு?"

தட்டக்காவுக்குச் சுருக்கென்றது. மனுஷன் சொன்னது நியாயம்தானே!

அவளுக்குத் தெரிந்தவர்களில் பிளேயர் வைத்திருந்தது நாத்தனார் ஒருத்திதான். தையல்காரி, ஊசியைவிட நாக்கு கூர்மை. கடைசி நாள் அவளை இழுத்துவந்து தட்டைக் கொடுத்தாள்.

"பூனைக்கு வயித்து வலி வந்த மாதிரி இருக்குமே அண்ணி!"

"ஒரு பக்கம் மட்டும் கேளு. பிடிக்கலைன்னா என்னை என்ன வேணா திட்டு."

"அதை இப்பவே செய்றேனே!"

இரண்டு வாரத்தில் பதினொரு தட்டும் திரும்பி வந்தன. ஒன்றுகூட உறையைவிட்டு வெளியே வரவே இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நாத்தனார் கெடு தாண்டி மறுநாள்தான் வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கை வெறுங்கை.

"தட்டு எங்கடி?"

"வீட்டுல. இன்னும் ரெண்டு வாரம் போட்டுக் குடுங்க."

"பிடிச்சிருக்கா?"

"அதெல்லாம் தெரியாது. கேட்டுக்கிட்டே ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வெச்சுத் தெச்சுட்டேன் அண்ணி. இருபது வருஷத்துல இப்படி ஆனதே இல்ல." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொம்பளை வேற என்னல்லாம் எழுதியிருக்கா?"

தட்டக்காவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. தேதி முத்திரையை எடுத்து அட்டையில் இரண்டு தரம் குத்தினாள். ஒன்று போதும்தான்.