ஷாமளாவின் மூக்கு

கோவிட் காலத்தில் மலேசியாவின் ஜொகூர் பாருவிலுள்ள எங்கள் கிளினிக்கில் ஷாமளாவை யாரும் ஏமாற்ற முடியாது. நுரையீரல் சோதனை அறை அவள் பொறுப்பு. குழாயில் மூச்சு முட்ட ஊத வேண்டும். ஊதுகிறவருக்குக் கிருமி இருந்தால் அறையெங்கும் பரவிவிடும். ஆளுக்கொரு புது வடிகட்டி, திறந்த சன்னல், ஒவ்வொருவர் போனதும் துடைப்பு என்று எல்லாம் உண்டு. ஆனால் அவள் அதிகம் நம்பியது தன் மூக்கைத்தான். சளியை மறைக்கிறவன் தைலம் பூசிக்கொண்டு வருவான் என்பது அவள் கணக்கு. முகக்கவசத்தையும் மீறி மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்குவது நான்.

அன்று காளியப்பன் வந்தார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிப்பவர். நுரையீரல் நன்றாக இருக்கிறதென்று சான்று காட்டினால்தான் மறுபடி வேலைக்குச் சேர்ப்பார்களாம். அவர் நெருங்கியதுமே தைல நெடி எனக்கு ஏறியது. மனுஷன் தொலைந்தார் என்று நினைத்தேன். சண்டையை வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"கண்ணு ஏன் கலங்கியிருக்கு? சளியா?" என்றாள் ஷாமளா.

"இல்ல மிஸ்ஸி. கிளினிக் காத்து ஆகாதுன்னு வீட்டுக்காரம்மா மாஸ்க்ல தைலத்த அப்பிவிட்டாங்க. எரியுது லா."

"கத விடாதீங்கண்ணே. தைலம் இருந்தா என் மூக்குக்குத் தெரியாதா?"

"சத்தியமா மிஸ்ஸி!"

வடிகட்டியைப் பிரிக்கப்போன அவள் கை நின்றது. என் பக்கம் திரும்பினாள். "மலர், உனக்கு அடிக்குதா?"

"அலமாக், கவுண்டர் வரைக்கும் அடிச்சுதே!"

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் இழுத்தாள். வாசனை தெரியாமல் போனால் என்ன அர்த்தம் என்று அந்த வருஷம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினேன். அவள் எழுந்து சன்னலோரமாக ஒதுங்கிப் போனாள்.

"மாஸ்க்கக் கழட்டாதீங்கண்ணே. உடனே வெளிய போங்க. மலர், இவரு பேக்டரிக்கு போன் போட்டு, டெஸ்ட் தள்ளிப்போனது எங்களாலதான்னு சொல்லிடு."

காளியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"எனக்கு ஒன்னுமில்லன்னு சொல்றேன்ல! வேலை போயிடும் மிஸ்ஸி. இன்னும் என் மேலயே சந்தேகமா?"

"உங்க மேல இல்லண்ணே," என்றாள் ஷாமளா. "என் மேல."