படிக்கட்டுச் சுவரில் ஒட்டிய பட்டியல்

விஜயனை வெட்ட வந்தவர்களுக்கு அவனுடைய வீட்டு எண்ணையும், அவன் தனியாக இருக்கும் நேரத்தையும், சாவி இருக்கும் இடத்தையும் எழுதி வைத்தது அவன் கூடப்பிறந்த அக்கா சந்திரகலாதான். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று பல்லைக் கடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கெட்ட எண்ணத்தில் எழுதியிருந்தால் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். அவளோ தான் குடியிருந்த மெலோர் அடுக்குமாடியில் ஓர் உயிர்கூட வீணாகப் போகக் கூடாது என்று எழுதினாள்.

மலேசியாவின் காப்பார் பக்கம், செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் இருவரும். அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது, அவனுக்கு ஆறு. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனவள், நாற்பத்தேழு வயதிலும் போய்க்கொண்டுதான் இருந்தாள். நடுவில் கல்யாணமும் ஆனது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் கண்டுகொண்டான். அதைப் பற்றி யாராவது வருத்தமாக விசாரித்தால், போன சனியனைப் பூசணிக்காய் உடைத்தா கூப்பிடுவார்கள் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் அதை விடமாட்டாள். மேலதிகாரி முறைத்தாலும் விடமாட்டாள். பத்தொன்பது வருடம் இதையே செய்தவளுக்கு, எதைப் பார்த்தாலும் இது எங்கே ஒழுகும் என்றுதான் முதலில் தோன்றும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் மெலோர் அடுக்குமாடியின் கீழ்த்தளம் மூழ்கியது. வாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்த ராதாகிருஷ்ணனை மகள் வந்து கூட்டிப் போயிருப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அக்கம்பக்கத்தார் தூக்கியிருப்பார்கள் என்று மகள் நினைத்தாள். தண்ணீர் வடிந்த பிறகு கதவை உடைத்தபோது, மெத்தை உத்தரத்தின் கீழே அலமாரியோடு சிக்கிக் கிடந்தது, அவரும் அதன் அடியில் கிடந்தார். அவருடைய நகங்கள் பிய்ந்திருந்ததைப் பார்த்தவர்களில் சந்திரகலாவும் ஒருத்தி. ஒரு மனிதன் உள்ளே இருக்கிறான் என்பது தெரியாமலே ஒரு கட்டடம் முழுக்க மாடியில் ஏறி நின்றுகொண்டிருந்ததே என்ற ஆத்திரம் அவளுக்கு அடங்கவே இல்லை.

அதனால்தான் ஒரு தன்னார்வக் குழு வந்து, வட்டாரத்தின் ஆபத்துகளை அங்கே வாழ்பவர்களே கணக்கெடுத்து அவசரகாலத் திட்டம் போட வேண்டும் என்று இரண்டு நாள் பயிற்சி வைத்தபோது, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வரைபடம் போடச் சொன்னார்கள். தோம்பு என்கிற எரிவாயு உருளை எங்கே, மின்கம்பி எங்கே தொங்குகிறது, யாரால் நடக்க முடியாது, யார் பகலில் தனியாக இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கப் போகும் இரண்டு பேர் யார் என்று எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார்கள். வீட்டு விவரங்கள் மட்டும் குழுவிடம் கோப்பில் இருக்கட்டும் என்று வந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள்.

ஞாயிறுதோறும் அவள் கதவு கதவாகப் போனாள். கதவைத் திறந்தவர்கள் வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை, நெருப்பைப் பற்றியும் பேசவில்லை. கார் நிறுத்துமிடத்தில் பாராங் கத்தியோடு ஓடுகிற பையன்களை எந்தக் கட்டத்தில் எழுதப் போகிறாய் என்று கேட்டார்கள். அந்த வருடத்தில் மட்டும் அங்கே மூன்று வெட்டுகள் விழுந்திருந்தன. ஒருவனுடைய காது கழிவுநீர்க் கால்வாய் ஓரம் கிடந்து, காக்கை கொத்துவதைக் கண்டுதான் கண்டுபிடித்தார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவளே ஒரு கோடு போட்டு, வெட்டுக்குத்து என்று எழுதிச் சேர்த்தாள்.

வெட்டுக்குத்து அப்போது அவள் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தது.

விஜயன் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. பத்தொன்பது வயதில் கும்பலோடு சேர்ந்தவன். சாப்பாட்டுக் கடையில் ஒரு மனிதனின் தோளைப் பிளந்த நாலு பேரில் அவனும் ஒருவன். அதற்காக உள்ளே இருந்துவிட்டு வந்து, போதும்டா சாமி என்று விலகினான். உள்ளே இருந்தபோது போலீசிடம் பெயர்களைக் கொடுத்துவிட்டான் என்று கும்பல் முடிவு கட்டியது. கார் கழுவும் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாற்பதாவது நாள், பட்டப்பகலில், இரும்புக் குழாயால் அவன் முழங்காலுக்குக் கீழே அடித்தார்கள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. முதுகில் வெட்டு விழுவதற்குள் லோரி ஒன்று குறுக்கே வந்ததால் பிழைத்தான். மருத்துவமனையில் காலில் கம்பி வைத்து அனுப்பியவனை, சந்திரகலா யாருக்கும் தெரியாமல் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்த்துவிட்டுக் கேட்ட அண்டை வீட்டாரிடம் மோட்டார் விபத்து என்று சொன்னாள். அவனை உயிரோடு காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு வேண்டுதல் இல்லை.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது. எங்கள் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கிறாயே, உன் வீட்டுக்குள் ஓர் ஆளைப் படுக்கவைத்திருக்கிறாயே, அதை எழுதினாயா என்று கீழ்த்தளத்து வாணி எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். சந்திரகலாவுக்கு முகம் சுண்டிப்போனது. அன்று மாலையே பட்டியலில் தன் வீட்டை எழுதினாள். பெயர் போடவில்லை, அதுவே போதுமான பாதுகாப்பு என்று நம்பினாள்.

மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் எண். ஆண், ஒருவர். காலில் கம்பி, தானாக எழுந்து நடக்க முடியாது. காலை ஆறரை முதல் இரவு ஏழரை வரை தனியாக இருப்பார். கிரில் கதவுச் சாவி மின்மீட்டர் பெட்டியின் மேலே. தூக்க வேண்டியவர்கள்: முகுந்தன், பாலன்.

பதினொன்றாம் எண் வீட்டு முகுந்தன் துறைமுகத்தில் இரவு வேலை செய்பவன், பகலில் வீட்டில் இருப்பான். அடுக்குமாடியிலேயே பயந்த ஆள் என்று பெயரெடுத்தவன். கீழே சத்தம் கேட்டால் கிரிலைப் பூட்டி, மரக்கதவையும் பூட்டி, தொலைக்காட்சியை உரக்க வைத்துவிடுவான். அவசரகாலத் திட்டத்தின் ஒத்திகையன்று அவனும் அதே மாடிக்காரனான பாலனும் விஜயனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி இறக்கியபோது, நாலு நிமிடத்தில் முடித்ததற்கு எல்லோரும் கை தட்டினார்கள். முகுந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மெலோர் அடுக்குமாடியில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வெட்டு, கோயில் திருவிழா, சாவுச் செய்தி எல்லாம் படிக்கட்டுச் சுவரில்தான் ஒட்டப்படும். ஒட்டாத காகிதத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள். யாருக்கோ சலுகை காட்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று மறுநாளே பேச்சு கிளம்பிவிடும். பட்டியலைக் கோப்பில் வைக்கலாமா, ஒட்டலாமா என்று கேள்வி வந்தபோது, குடியிருப்போர் சங்கத் தலைவர் கன்னையா ஒட்டிவிடச் சொன்னார். தீயணைப்பு வண்டி வந்தால் கோப்பைத் தேடிக்கொண்டா இருப்பார்கள் என்று அவர் கேட்டதும் எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. சந்திரகலா தன் கையாலேயே, மழைச்சாரல் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினாள். எங்கே ஒழுகும் என்று ஆயுள் முழுக்கப் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவள் தன் கையெழுத்தால் கெட்டாள்.

பட்டியலை ஒட்டிய இருபத்து மூன்றாவது நாள், வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால். சந்திரகலா தொழிற்சாலையில் இருந்தாள். பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு, அந்தப் பத்து நிமிடத்தை அவள் கண்ணால் பார்த்தது போலவே தெரிந்துகொண்டாள்.

இரண்டு மோட்டாரில் நாலு பேர் வந்தார்கள். விஜயன் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறான் என்று எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார்கள், எந்த வீடு என்று மட்டும் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் படிக்கட்டுச் சுவரின் முன்னால் நின்று படித்தார்கள். வாணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாளைக்குத் தண்ணீர் வராது என்ற அறிவிப்பைப் படிக்கிறார்கள் என்று நினைத்து, அண்ணே, தண்ணி வெட்டு சி பிளாக்குக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர்களில் ஒருவன் பட்டியலை விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே வந்தான்.

கிரிலை உடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மீட்டர் பெட்டியின் மேலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்கள். கூடத்தில் மெத்தையில் படுத்திருந்த விஜயனால் எழுந்திருக்க முடியவில்லை. தலையணையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தான். முதல் வெட்டு தலையணையோடு மணிக்கட்டையும் சேர்த்துப் பிளந்தது. இரண்டாவது தோளில் இறங்கியது. மூன்றாவது வயிற்றில். பஞ்சு பறந்து அவன் இரத்தத்திலேயே ஒட்டியது. அவன் அலறியது மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்டவர்கள் எல்லோரும் வழக்கப்படி கதவைச் சாத்தினார்கள்.

முகுந்தனும் சாத்தத்தான் போனான். பூட்டைக் கையில் எடுத்தவன், அப்படியே நின்றுவிட்டான். மனைவி விஷ்ணுப்ரியா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். சட்டை கிழிந்தது. ஒத்திகையில் தூக்கிய அதே மாதிரி நாற்காலி ஒன்று வாசலில் கிடந்ததை எடுத்துக்கொண்டு, அவன் பன்னிரண்டாம் எண்ணுக்குள் நுழைந்தான். அடிக்கப் போகிறானா, தூக்கப் போகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. நாற்காலியை விஜயனுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தான். அடுத்த வெட்டு நாற்காலிக் காலைத் துண்டாக்கி, அவன் வலது கையின் மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்கடுத்த வெட்டு அவன் முன்கையில் விழுந்தது. அப்போதும் அவன் நாற்காலியை விடவில்லை.

விஷ்ணுப்ரியா நடைபாதையில் நின்று, அம்மி மாதிரி கனத்த எரிவாயுத் தோம்பைக் கிரில் கம்பியில் மோதிக் கத்த ஆரம்பித்தாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வெளியே வரவும் நாலு பேரும் படியில் தாவி இறங்கினார்கள். ஒருவன் வழியில் நின்ற கன்னையாவின் மண்டையைக் கத்திப் பிடியால் பிளந்துவிட்டுப் போனான்.

பாலன் வேலைக்குப் போயிருந்தான். முகுந்தன் கிழிந்த சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பக்கமும், விஷ்ணுப்ரியா மறுபக்கமும் பிடித்து, விஜயனைப் போர்வையில் கிடத்தி இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் வழுக்கியது. அன்றைக்கும் நாலு நிமிடம்தான் ஆனது.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் விஜயனுக்கு ஒருமுறை நினைவு வந்தது. சந்திரகலா அவன் நெற்றியில் கை வைத்திருந்தாள். உதடு காய்ந்து, குரல் காற்றாக வந்தது.

"சாவி இருக்குற எடம் அவனுங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சது?"

அவள் வாழ்நாளில் அவனிடம் பொய் சொன்னதில்லை. அடித்திருக்கிறாள், பட்டினி போட்டிருக்கிறாள், பொய் மட்டும் சொன்னதில்லை.

"தெரியலடா" என்றாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவன் போய்விட்டான். அந்தப் பொய்யை நம்பித்தான் போனான் என்பது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். யார் தடுத்தும் கேட்கவில்லை.

போலீஸ் வருவதற்கு முன்பே யாரோ பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்து எடுத்துவிட்டார்கள். அவளைக் காப்பாற்றத்தான். விசாரித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்டியவர்களுக்கு வீடு எப்படித் தெரிந்தது என்று இன்ஸ்பெக்டர் நாலாவது தடவை கேட்டபோது, சந்திரகலா எழுந்து நின்று, நான்தான் எழுதி ஒட்டினேன் என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் சொன்னாள். தம்பியிடம் சொல்ல முடியாததை அந்த ஆளிடம் சொல்லித் தீர்த்தாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வேண்டுமென்று செய்யவில்லையே அம்மா என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

தம்பியின் காரியம் முடிந்த மறுநாள், அவள் முகுந்தனைப் பார்க்க வார்டுக்குப் போனாள். அவன் வலது கை தோள்வரை கட்டுப் போட்டுத் தொங்கியது. விஷ்ணுப்ரியா அவனுக்குக் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. சந்திரகலா கட்டிலின் கால்மாட்டில் நின்று, எல்லாம் என் காகிதத்தால் வந்தது, உன் பெயரையும் அதில் இழுத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்றாள்.

முகுந்தன் கஞ்சிக் கரண்டியை இடது கையால் விலக்கினான்.

"என் பேர நீங்க எழுதலன்னா நான் வந்திருக்கவே மாட்டேன்க்கா" என்றான். "சத்தம் கேட்டா பூட்டிக்கிற ஆளு நானு. எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு பூட்டும்போது, அந்த ஆளத் தூக்க வேண்டியது நான்தானே, சுவத்துல என் பேரு இருக்கேன்னு தோணுச்சு. அதான் வந்தேன். ஒரு தடவையாவது வந்தேன்லா."

அவன் முகத்தில் வருத்தம் இல்லை. சந்திரகலா அவன் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

விஷ்ணுப்ரியா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அப்போதும் அவள் திரும்பவில்லை.

"நீங்க எழுதாமயே இருந்திருக்கலாம்க்கா."

"ஆமா புள்ள" என்றாள் சந்திரகலா. விஷ்ணுப்ரியா மறுபடி கரண்டியை எடுத்து அவனுக்கு ஊட்டத் தொடங்கினாள். பார்வையாளர்கள் வெளியே போக வேண்டும் என்று தாதி வந்து சொல்லும்வரை சந்திரகலா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.