பேட்டரித் தண்ணீர்

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு முற்றினால் கை நீண்டுவிடும். அவன் தலையில் குட்டுவான், நான் கையில் கிடைத்ததை எறிவேன். ஒருமுறை மீன் கழுவும் குண்டானை எறிந்து அவன் புருவத்தைக் கிழித்திருக்கிறேன். நைனாவைக் கடல் கொண்டுபோன பிறகு என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தவன் அவன்தான். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா படிப்பு" என்று கேட்ட பங்காளியைச் சட்டையைப் பிடித்து மணலில் தள்ளியவனும் அவன்தான். அவனுக்குப் பாசம் வந்தாலும் கோபம் வந்தாலும் அடிதான் முதலில் விழும். எனக்கும் அதே ரத்தம்தான்.

அவன் படிக்க வைத்த படிப்பில்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு டெலிபோன் ஆபீசில் எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஆபீஸ் என்றால் இரண்டு அறை. முன்னறையில் நான் உட்காரும் போர்டு. ஊரில் யாராவது போனை எடுத்தால் அதில் ஒரு விளக்கு எரியும். நான் ஒயரைச் செருகிக் கேட்ட இடத்துக்கு இணைப்புக் கொடுப்பேன். வெளியூருக்கு இருந்தது ஒரே லைன், பொன்னேரிக்கு. பின்னறையில் பேட்டரி. கண்ணாடி ஜாடிகளில் ஆசிட்டும் ஈயத் தகடுமாகப் பன்னிரண்டு, மர அடுக்கில் வரிசையாக இருக்கும். கரண்ட் இருக்கும்போது அவற்றில் சார்ஜ் ஏறும். கரண்ட் போனால் ஊர் முழுக்க அவற்றின் தயவில்தான் பேச வேண்டும். பன்னிரண்டும் கைகோத்து நிற்பவை. ஒன்று படுத்தால் மொத்தமும் படுத்துவிடும்.

ஒன்று படுத்துத்தான் போயிருந்தது. அதற்குக் காரணம் ஒரு செம்பு நல்ல தண்ணீர்.

ஜாடியில் தண்ணீர் வற்றினால் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அது பொன்னேரியிலிருந்து கேனில் வரும். கேன் தீர்ந்திருந்த வாரத்தில் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். ஆபீசைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், பாய் என்றுதான் கூப்பிடுவேன், ஜாடி வற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து மொண்டுவந்து ஊற்றிவிட்டார். திரும்பி வந்து நான் கத்திய கத்தலில் தெருவே கூடியது.

"ஊரே தேடி வந்து குடிக்கிற தண்ணிம்மா. மனுசன் குடிக்கிறத பேட்டரி குடிக்காதா?" என்றார் பாய்.

"அதுக்கு உப்பும் ஆவாது, ருசியும் ஆவாது பாய். இனிமே கைய வச்சீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் குடிக்கத் தண்ணீர் தேடி அலையும் ஊர். அவர் தன்னிடம் இருந்ததில் நல்லதைத்தான் கொடுத்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. புதுக் கேன் வந்ததும் அதை என் நாற்காலிக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, யாராவது திரும்பிப் பார்த்தாலும் முறைத்தேன். வீட்டுக்குப் போனால் சோற்றில் கை வைத்ததும் இதே புலம்பல்தான். கரண்ட் போனால் அஞ்சு நிமிசம்கூடத் தாங்கவில்லை, போன் செத்துவிடுகிறது, மேலிடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன், புது ஜாடி எப்போது வருமோ என்று. அண்ணன் மீனைப் பிட்டுத் தின்றபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்த வருடம் ஏரியில் பாடு சண்டை. எந்த இடத்தில் எந்த ஊர் எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பதற்குத்தான் பாடு என்று பெயர். எங்கள் முறையில் எதிர்க்கரை ஊர்க்காரர்கள் வலை கட்டினார்கள் என்று எங்கள் குப்பம் சொன்னது. முறையை மாற்றியதே நாங்கள்தான் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் எங்கள் வலையை அறுத்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்கள் படகைக் கொளுத்தினார்கள். பிறகு அவர்கள் எங்கள் சித்தப்பா ஒருவரைத் துடுப்பால் அடித்துக் கை எலும்பை நொறுக்கி ஏரிக்கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் குப்பத்து ஆண்கள் சாப்பிடும்போதுகூட அரிவாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

புது ஜாடி ஆசிட்டும் சார்ஜுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கிய காலையில்தான் எல்லாம் வெடித்தது. ஜாடியை மாட்ட மெக்கானிக் அடுத்த பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. பாய் ஓடிவந்து சொன்னார், எதிர்க்கரை ஊரிலிருந்து மீன் விற்க வந்தவர்களை எங்கள் ஆட்கள் துரத்தியிருக்கிறார்கள். அவர்கள் அடுத்த தெரு ஐஸ் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே எங்கள் குப்பம் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்கிறது. உள்ளூர்க் காவலர்கள் இருவரும் அதிகாலையிலேயே ஏரிக்குள் வேறொரு கலகத்துக்குப் படகில் போயிருந்தார்கள். அடுத்த பஸ்ஸை எங்கள் ஆட்கள் ஊருக்கு வெளியே மறித்துவிட்டார்கள். மெக்கானிக் வர வழியில்லை.

நான் பொன்னேரி லைனில் ஒயரைச் செருகினேன். தலைக்கு மேல் விசிறி நின்றது. போர்டு விளக்குகள் மங்கி, ஒரு முறை துடித்து அணைந்தன. எட்டிப் பார்த்தால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு இறங்குகிறான் என் அண்ணன்.

நான் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து புலம்பியதைத்தான் அவன் எடுத்து எனக்கே திருப்பியிருக்கிறான்.

"கதவ சாத்துங்க பாய். யார் வந்தாலும் வுடாதீங்க."

பின்னறையில் சன்னலைத் திறந்தேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயுவுக்கு ஒரு பொறி போதும், அறையே வெடிக்கும். கழுத்துச் சங்கிலி, மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டேன். தங்கமோ தகரமோ, இரண்டு முனைக்கும் நடுவே பட்டால் தோலோடு உருகிவிடும். கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய ஸ்பானரை எடுத்தேன். வெளியே ஐஸ் கொட்டகைப் பக்கம் தகரக் கதவில் பாறாங்கல் விழும் சத்தம்.

கெட்ட ஜாடியை முதலில் கழற்றக் கூடாது. கழற்றினால் வரிசை அறுந்துவிடும். அதை அப்படியே விட்டுவிட்டுப் புது ஜாடியை அடுக்கின் கீழே தரையில் வைத்து, தடித்த ஒயர்களால் கெட்டதன் இரண்டு முனைகளோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ். மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது கதை. கட்டியதும் புதியது சுமையை வாங்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். இரண்டு ஒயரையும் முறுக்கி இறுக்கினேன். முன்னறைப் போர்டில் விளக்குகள் எரிவது கதவு வழியே தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் வாசல் கதவு உடைந்தது. பாயை யாரோ அடித்தார்கள். அவர் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணன் கடப்பாரையோடு பின்னறைக்குள் வந்தான். வெற்றுடம்பு, கண் இரண்டும் சிவந்து, யாருடைய ரத்தமோ மார்பில்.

"வெளிய போ பாப்பா. இத ஒடச்சிட்டுப் போறேன்."

"கிட்ட வராதண்ணா. இரும்பு பட்டா வெடிக்கும்."

"சித்தப்பா கைய ஒடச்சாங்களே, அப்ப உன் போனு இன்னா புடுங்கிச்சி?"

"கொட்டாயில இருக்கறவன் ஒருத்தனும் அவரு கைய ஒடைக்கல. மீன் விக்க வந்தவன்."

"எல்லாம் ஒரே சாதிதான். போடி!"

என்னை இழுத்துச் சுவரில் அடித்தான். பல்லில் ரத்தம். நான் எழுவதற்குள் கடப்பாரையை ஓங்கி அடுக்கில் இறக்கினான். இறங்கியது பழைய ஜாடியின் மேல். கண்ணாடி நொறுங்கியது, இரும்பு இரண்டு முனைகளிலும் உரசி நீலமாக மின்னியது, உடனே பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஆசிட் அவன் முகத்தில் அடித்தது. கடப்பாரை தெறித்துச் சுவரில் விழுந்தது. என் அண்ணன் கத்திய மாதிரி ஒரு மனிதன் கத்தி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அவனோடு வந்த இரண்டு பேர் அந்தச் சத்தத்திலேயே ஓடிப்போனார்கள்.

அவனை அக்குளில் பிடித்து முன்னறைக்கு இழுத்துவந்தேன். போர்டைப் பார்த்தேன். விளக்குகள் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. உடைந்தது செத்த ஜாடி. அதன் வேலையைத் தரையில் இருந்த புதியது பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்காலிக்கு அடியில் இருந்த கேனை உருவி மூடியைப் பல்லால் திறந்தேன். பாய் ஒரு சொட்டுத் தொடக் கூடாது என்று நான் காவல் காத்த தண்ணீர். அண்ணன் தலையை மடியில் வைத்து, இமையை விரலால் பிரித்து, கண்ணுக்குள் ஊற்ற ஆரம்பித்தேன். ஹெட்செட்டைத் தலையில் மாட்டி மறு கையால் ஒயரைச் செருகினேன். லைன் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும்.

போலீசைக் கேட்டேன்.

"பழவேற்காட்டுலேர்ந்து பேசறேன். ஐஸ் கொட்டாயில ஆளுங்கள அடச்சி வச்சி எரிக்கப் போறாங்க. உடனே வண்டி அனுப்புங்க."

"யாரும்மா எரிக்கிறது?"

அண்ணன் என் மடியில் நெளிந்துகொண்டிருந்தான். நான் தண்ணீரை நிறுத்தவில்லை.

"எங்க குப்பத்து ஆளுங்க சார்."

அந்த ஒயரைப் பிடுங்கியதும் மறுபடி செருகி ஆஸ்பத்திரியைக் கேட்டேன். முகத்தில் ஆசிட் பட்டிருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்றேன். கேன் காலியாகும்வரை ஊற்றினேன். பாய் மண்டையில் வழிந்த ரத்தத்தோடு தவழ்ந்து வந்து, தன் குடிதண்ணீர்ப் பானையை என்னிடம் நகர்த்தினார். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர். அதையும் ஊற்றினேன்.

வண்டி வரும்போது கொட்டகைக் கூரையின் ஒரு மூலை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் தீக்காயத்தோடு வெளியே வந்தார்கள். யாரும் சாகவில்லை. எங்கள் ஆட்களைக் கொத்தாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கு இடது கண் போய்விட்டது, வலது கண் பிழைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அவனையும் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

எல்லாரும் ஜாமீனில் வந்த பிறகு ஊர் கூடியது. அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் உட்கார, நான் நின்றேன். கேள்வி ஒன்றுதான். அடிபட்ட அண்ணனுக்காக டாக்டரைக் கூப்பிட்டு, அதன் வழியாகப் போலீசுக்குத் தெரிந்ததா? இல்லை, முதலிலேயே போலீசைக் கூப்பிட்டாளா? முதலாவது என்றால் மன்னிப்பு. இரண்டாவது என்றால் எங்கள் வீட்டை ஊர் தள்ளிவைக்கும். யாரும் பேச மாட்டார்கள், அம்மாவின் கூடை மீனை யாரும் தொட மாட்டார்கள், அண்ணனைப் படகில் ஏற்ற மாட்டார்கள்.

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போலீசை முதலில் கூப்பிட்டது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. இன்னொரு தடவை நடந்தாலும் அதே ஒயரைத்தான் அதே இடத்தில் செருகுவேன். ஆனால் அண்ணன் எழுந்துவிட்டான்.

"அதுகிட்ட இன்னாத்துக்கு கேக்கறீங்க? அங்க இருந்தது நான். டாக்டரத்தான் மொதல்ல கூப்டுச்சி."

"சூடம் அணைச்சி சத்தியம் பண்ணுவியா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

அண்ணன் தயங்கவில்லை. அம்மன் முன்னால் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தான். ஏற்கெனவே வெந்த முகம். இப்போது கையும் கருகியது. கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு நடந்தோம். கரையெல்லாம் படகுக் கயிறு, நங்கூரம். ஒரு கண்ணால் பள்ளம் மேடு பிடிபடாமல் அவன் தடுமாறினான். என் தோளைப் பிடித்துக்கொண்டான். கருகிய உள்ளங்கையின் சூடு ரவிக்கைத் துணியைத் தாண்டி எனக்குத் தெரிந்தது. "ஏண்ணா அப்டி சொன்னே?" என்றேன்.

எங்கள் வீட்டு வேலி தெரிந்ததும் நின்றான்.

"எனக்குக் கண்ணுதான் பாப்பா எரிஞ்சிது. காது நல்லாத்தான் கேட்டுச்சி."

சொல்லிவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தான். வலித்தது. பிறகு கையை மறுபடி என் தோளிலேயே வைத்துக்கொண்டான்.